மார்க்கெட் ஸ்ட்ரீட்ல காடிய நிறுத்தறதா, மரத்த நடறதா?

போன மாசம் அம்மாவக் கூட்டிக்கிட்டு பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போயிருந்தேன். க்வீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்ல அர்ச்சனைய முடிச்சிட்டு மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ஒரு புடவைக் கடைக்குப் போகணும், வேற வேலையே இல்ல. என் கால்ல போனா அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. அம்மாவோட போனதுல இருவது நிமிஷத்துக்கு மேல ஆச்சு. அவங்களுக்கு முட்டி வலி, கைத்தடியோடதான் நடக்கறாங்க. அஞ்சடியில, அதான் கடை முன்னாடி இருக்கற நடைவழில, ஏறுனா ஒரு கடை முன்னாடி மூட்டை அடுக்கியிருக்கு, சரின்னு இறங்குனா மோட்டர் சைக்கிள் வரிசையா நிக்குது, அதையும் தாண்டுனா டபுள் பார்க்கிங் போட்ட காடி, அதுக்கு அந்தப் பக்கம் போனா பின்னாலேர்ந்து ஹார்ன், மறுபடி அஞ்சடிக்கு ஏறலாம்னா நடுவுல லோங்காங், அதான் சாக்கடை வாய்க்கால், மூடி ஆடுது. இதுல வெயில் வேற நேரா மூஞ்சில. பாதி வழில அம்மா ஒரு நகைக்கடை வாசப்படியில உக்காந்துட்டாங்க. "எனக்குப் புடவையே வேணாம்டா, காடிய எடுத்துட்டு வா" அப்டின்னாங்க. நான் காடிய எடுத்துட்டு வந்து நானும் டபுள் பார்க்கிங் போட்டேன். அதான் இந்தத் தெருவோட கதை, நடக்க முடியாதவங்க எல்லாரும் காடில வர்றோம், காடில வர்றதால யாராலயும் நடக்க முடியல.

எங்க மாமா அங்க பக்கத்துலதான் மாலை கட்டற ஒட்டுக்கடை வச்சிருக்காரு. அவங்க கடைக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல இந்தத் தெருவ என்ன பண்ணலாம்னு கொஞ்ச நாளா ஒரே சண்டை. இது திட்டமும் இல்ல டெண்டரும் இல்ல, வெறும் பேச்சு. ஆனா அந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் போட்டுக் கேட்டப்ப நாலு யோசனைதான் மாறி மாறி வருதுன்னு புரிஞ்சுது. ஒண்ணு, தெருவத் தொடவே வேணாம், அஞ்சடிய மட்டும் காலி பண்ணுங்க. ரெண்டாவது, காடிய மொத்தமா நிறுத்திட்டு நடைவீதி ஆக்குங்க. மூணாவது, சாயங்காலமும் வீக்கெண்டும் மட்டும் மூடுங்க, பூந்தொட்டி வச்சு. நாலாவது, ஒரு லேன் மட்டும் விட்டுட்டு பார்க்கிங் வரிசைய எடுத்துட்டு நடைபாதைய அகலப்படுத்தி நம்ம மண்ணு மரமா நடுங்க. நான் இதுல எந்தக் கட்சின்னு கடைசில சொல்றேன், இல்ல நடுவுலயே வாய் தவறி சொன்னாலும் சொல்லிடுவேன்.

முதல்ல வெயில். குரூப்ல இத யாரும் பேசல, எனக்கு இதுதான் பெரிய விஷயமா தெரியுது. இந்தப் பக்கத்துத் தெரு எல்லாம் 1786ல வந்து இறங்குன பிரிட்டிஷ்காரர் ஃபிரான்சிஸ் லைட் காலத்துல கட்டம் போட்டு இழுத்த தெருங்க. க்வீன், கிங், பெனாங் ஸ்ட்ரீட் எல்லாம் கிட்டத்தட்ட வடக்கு தெக்கா ஓடுது. மார்க்கெட் ஸ்ட்ரீட் கடற்கரைப் பக்கத்து பீச் ஸ்ட்ரீட்லேர்ந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கற பிட் ஸ்ட்ரீட் பக்கம் வரைக்கும் கிழக்கு மேற்கா போகுது. இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. வடக்கு தெக்கா ஓடற தெருவுல காலைல ஒரு பக்கத்துக் கடை நிழல் தரும், சாயங்காலம் எதிர்ப்பக்கக் கடை நிழல் தரும், உச்சி வேளைதான் கஷ்டம். கிழக்கு மேற்கு தெருவுல அந்தக் கதையே கிடையாது, நாலு மணி வெயில் தெரு நீளத்துக்கும் குழாய்ல தண்ணி விட்ட மாதிரி நேரா பாயும். அதனால க்வீன் ஸ்ட்ரீட்டுக்கும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் ஒரே டிசைன் போட்டா காசு தெண்டம். க்வீன் ஸ்ட்ரீட்டுக்கு மரம் அவ்ளோ அவசியம் இல்ல, மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு அவசியம்.

இன்னும் ஒரு படி உள்ள போனா எந்தப் பக்கம் நடணும்னும் தெரிஞ்சிடும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி மேல இருக்கு. அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் சூரியன் தெக்குப் பக்கம் சாஞ்சு போகும். அப்ப தெக்கு வரிசைக் கடைங்க தன் வாசலுக்குத் தானே கொஞ்சம் நிழல் போட்டுக்கும், வடக்கு வரிசை வாசல் வறுபடும். ஜூன் பக்கம் அப்டியே தலைகீழ். ஆனா பினாங்குல மழை கம்மியா இருக்கறது ஜனவரி பிப்ரவரி, தைப்பூசமும் அப்பதான், கூட்டமும் அப்பதான். அதனால ஒரு பக்கத்துக்குத்தான் மரம்னு முடிவானா வடக்குப் பக்க நடைபாதையோட ரோட்டோர விளிம்புல நடணும், நிழல் நடக்கறவங்க மேல விழும். இத மாமாகிட்ட சொன்னப்ப "டேய் மருமகனே, இதுக்குத்தான் முப்பது வருஷமா அந்தப் பக்கம் பூ சீக்கிரம் வாடுதுன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கேன்"னாரு. இந்த மாதிரி விவரம் எல்லாம் எந்தக் கன்சல்டண்ட் ரிப்போர்ட்லயும் வராது.

இப்ப ஒவ்வொண்ணா பாப்போம்.

அஞ்சடிய காலி பண்றது. அஞ்சடி தெரியாதவங்களுக்கு, கடைவீட்டு முன்னாடி மேல் மாடிக்கு அடியில விட்டிருக்கற நடைவழி, மலாய்ல காக்கி லீமா, அதையே நம்ம பெரியவங்க அஞ்சடின்னு சொல்லிட்டாங்க. வெயிலும் படாது மழையும் படாது. யோசிச்சுப் பாத்தா நம்ம ஊருக்கு இத விட நல்ல நடைபாதைய எவனும் கண்டுபிடிச்சதில்ல, இருநூறு வருஷத்துக்கு முந்தியே செஞ்சு வச்சுட்டுப் போயிட்டாங்க, நாமதான் அதுல ஃப்ரிட்ஜும் மூட்டையும் மோட்டரும் வச்சு அடைச்சிட்டோம். காலி பண்றதுக்குப் பெரிய செலவு இல்ல, தோண்ட வேணாம், பெர்மிட் வேணாம். குறை என்னன்னா ஒவ்வொரு கடை அஞ்சடியும் ஒவ்வொரு உயரம். ஒரு கடைக்கு ரெண்டு படி ஏறணும், அடுத்த கடைக்கு ஒரு படி இறங்கணும், அதுக்கடுத்தது புதுசா பளபளன்னு டைல்ஸ் போட்டு மழை நாள்ல ஐஸ் மாதிரி. வீல்சேர்ல வர்றவங்களுக்கு இது வழியே இல்ல. அதோட, சொல்ல சங்கடமாத்தான் இருக்கு, கடைக்காரங்களுக்கு அஞ்சடி இல்லாம பொழப்பு ஓடாது. எங்க மாமா கடையே அஞ்சடிய ஒட்டித்தான் நிக்குது. பாதி அகலத்த மஞ்சக் கோடு போட்டு விட்டுக் கொடுங்கன்னு கேக்கலாம், முழுசா கேட்டா நடக்காது. இது நாளைக்கே ஆரம்பிக்க வேண்டியது, ஆனா இதோட நிறுத்தக்கூடாது.

முழு நடைவீதி. சின்னப் பசங்களுக்கு எல்லாம் இதுதான் பிடிச்சிருக்கு, இன்ஸ்டாகிராம்ல நல்லா இருக்கும். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல கேம்பல் லேன் அப்டித்தான் இருக்கு, 2015ல தொறந்த இந்திய மரபுடைமை நிலையம் அதோட முனையில நிக்குது. நானும் அங்க நடந்திருக்கேன், சொகமா இருந்துச்சு. ஆனா அங்க எம்ஆர்டி ரயில்ல வந்து இறங்கி நடந்தே போயிடலாம், சரக்கு பக்கத்துத் தெரு வழியா வந்துடும். பினாங்குத் தீவுல இன்னும் அந்த மாதிரி ரயில் ஓடல. லிட்டில் இந்தியா இருக்கற ஜார்ஜ் டவுன் நகரத்துக்கு உள்ளாற இலவச கேட் பஸ் இருக்கு, நல்ல விஷயம், ஆனா பட்டர்வொர்த்துலேர்ந்தும் சுங்கை பட்டாணிலேர்ந்தும் கல்யாணப் புடவை எடுக்க மூணு தலைமுறையா வர்ற குடும்பம் காடிலதான் வருது. அவங்கதான் இந்தத் தெருவுக்குச் சோறு போடறாங்க, காஃபி குடிச்சிட்டு போட்டோ எடுக்கற டூரிஸ்ட் இல்ல. அப்புறம் மொத்த வியாபாரம் இருக்கு. வெங்காயம், பருப்பு, அரிசி எல்லாம் லோரிலதான் இறங்கும், 25 கிலோ மூட்டைய தெரு முனையிலேர்ந்து ட்ராலில தள்ளிட்டு வான்னு சொன்னா வேலையாள் அடுத்த நாள் வரமாட்டாரு. பொம்பா வண்டி, அதான் தீயணைப்பு வண்டி, நுழையற அகலம் எப்பவும் விட்டாகணும், மரக்கட்டை தரை போட்ட பழைய கடைவீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, இதுல விளையாட முடியாது.

இன்னொரு பயமும் இருக்கு எனக்கு. முழுசா மூடுன தெரு பினாங்கு மாதிரி டூரிஸ்ட் ஊர்ல மெல்ல மெல்ல மளிகைக் கடைய வெளிய தள்ளிட்டு ஐஸ்க்ரீம் கடையும் சாவிக்கொத்துக் கடையுமா மாறும், வாடகை ஏறும், ஏறுன வாடகைய கொத்தமல்லி வித்துக் கட்ட முடியாது. ஜார்ஜ் டவுன் 2008 ஜூலை 7ல யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியல்ல ஏறுனதுலேர்ந்து பல தெருவுல இந்த வேகத்த கண்ணால பாத்தோம். லிட்டில் இந்தியா இன்னும் நிஜமா சாமான் வாங்கற தெருவா இருக்கறதே பெரிய அதிசயம், அத அழகு படுத்தறேன்னு கொன்னுடக்கூடாது.

நேரம் வச்சு மூடறது. வெள்ளி சனி ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிலேர்ந்து பத்து பதினொண்ணு வரைக்கும் காடிய விடாம, ரோட்டுல பெரிய தொட்டிங்கள உருட்டிக் கொண்டாந்து வைக்கறது. பீச் ஸ்ட்ரீட்ல ஞாயித்துக்கிழமை காலைல ரோட்ட மூடி சைக்கிள் விட்டது பாத்தவங்களுக்கு இந்த ருசி தெரியும். நல்லது என்னன்னா சரி வரலன்னா அடுத்த வாரமே நிறுத்திடலாம். காலைல லோரிக்கும் தொந்தரவு இல்ல. ஆனா அம்மா வந்தது செவ்வாக்கிழமை பகல் பதினோரு மணிக்கு. அவங்களுக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. நிழல் வேண்டிய நேரத்துல தெரு பழைய தெருவாவே இருக்கும், வெயில் போன பிறகு மூடி என்ன பண்றது, அப்ப நடக்கறதுக்கு எல்லாருக்கும் தெம்பு இருக்கு.

தொட்டி மரத்தப் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம் ஒரு மீட்டர் உயரம்னு பெரிய தொட்டி வச்சாலும் அதுல 1 கன மீட்டர் மண்ணுதான் பிடிக்கும். ஆள் மேல நிழல் விழற அளவுக்கு ஒரு நடுத்தர மரம் வளரணும்னா அதுக்கு 15, 20 கன மீட்டர் மண்ணாவது வேணும். தொட்டியில இருக்கறது மரம் இல்ல, மரத்தோட போட்டோ. நாலு வருஷம் அப்டியே நிக்கும், ரெண்டு நாள் தண்ணி ஊத்த மறந்தா கருகும், கடைசில அதுல சிகரெட் துண்டும் சாப்பாடு கட்டிக் கொடுக்கற தாப்பாவ் பிளாஸ்டிக்கும்தான் வளரும். தொட்டி வேணும்னா பாண்டானோ பறவைக்கூடு பெரணியோ வைங்க, கண்ணுக்குப் பச்சையா இருக்கும், நிழல்னு கணக்குல சேக்காதீங்க.

இப்ப நாலாவது. ஒரு லேன், ஒருவழி, பார்க்கிங் வரிசை போயிடும், அந்த இடம் நடைபாதைக்கும் மரத்துக்கும். சென்னை பாண்டி பஜார்ல 2019 நவம்பர்ல தொறந்தது கிட்டத்தட்ட இந்த மாதிரிதான், தெருவ முழுசா மூடல, நடக்கற இடத்த பல மடங்கு பெருசாக்கி காடிக்கு மிச்சத்த விட்டாங்க. கடைத்தெருவுக்கு இது ஒத்துவருதுன்னு எனக்கு அதப் பாத்துதான் நம்பிக்கை வந்துச்சு. நம்ம நாட்டுலயே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியா இருக்கு, 2010 அக்டோபர்ல மன்மோகன் சிங் வந்து அப்ப நம்ம பிரதமரா இருந்த நஜிப்போட தொறந்து வச்சாரே, வளைவும் கலர் கலர் பெயிண்ட்டும் ஜோராத்தான் இருந்துச்சு, ஆனா துன் சம்பந்தன் ரோட்டுல மத்தியானம் நடந்தவங்களுக்குத் தெரியும், வளைவு நிழல் தராது.

இந்த யோசனைல முக்கியமான சிக்கல் தரைக்கு அடியில. லிட்டில் இந்தியா யுனெஸ்கோ மூலப் பகுதிக்குள்ள இருக்கு, 109 ஹெக்டர்தான் அந்தப் பகுதி மொத்தமும், இங்க தோண்டறதுன்னா தண்ணிக் குழாய், கரண்ட் கேபிள், பழைய செங்கல் வாய்க்கால் எல்லாத்தையும் பாத்துப் பாத்துத் தோண்டணும். 2016லேர்ந்து இந்த மரபுடைமைப் பகுதிக்குன்னு சிறப்புப் பகுதித் திட்டம் சட்டப்படி அமல்ல இருக்கு, இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. மரபுடைமை ஆளுங்க சிலர் சொல்றது என்னன்னா, கடைவீட்டுத் தெருவுல மரமே இருந்ததில்ல, பழைய போட்டோவுல பாருங்க, மரம் வச்சா முகப்பு மறைஞ்சிடும். முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த ஜன்னலும் பூ வேலையும் தெரியணும்தான். ஆனா பழைய போட்டோ எடுத்தப்ப ரோட்டுல தாரும் இல்ல, ஒவ்வொரு கடைக்குப் பின்னாடியும் ஏர்கான் சூடு கக்கவும் இல்ல. அதுக்கும் முந்திப் போனா இந்த இடத்துக்குப் பேரே தஞ்சோங் பெனாகா. ஃபிரான்சிஸ் லைட் வந்து இறங்குனப்ப இங்க இருந்தது பெனாகா மரக் காடு. காட்ட வெட்ட ஆள் வரலன்னு பீரங்கியில வெள்ளிக் காசப் போட்டு காட்டுக்குள்ள சுட்டாராம், காசு பொறுக்க எல்லாரும் வெட்டிக்கிட்டே போனாங்களாம். நிஜமோ கட்டுக்கதையோ, ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அன்னிக்கு வெட்டுன மரத்த இன்னிக்கு மறுபடி நட காசு செலவு பண்ணணும்.

பெனாகா லாவுட்னா என்னன்னு நினைக்கறீங்க? நம்ம புன்னை மரம். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தலமரம் இருக்கே, அதே புன்னை. மலாய்ல புங்கா தஞ்சோங்னு சொல்றதும் அப்டித்தான், அது நம்ம மகிழமரம். குரூப்ல ஒருத்தர் கடுப்பாயி கேட்டாரு, "உள்ளூர் மரம் உள்ளூர் மரம்னு குதிக்கறீங்களே, நம்மள பெண்டாத்தாங், வந்தேறின்னு சொல்லும்போது இனிக்குதா?" அப்டின்னு. அது கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, அந்த வார்த்தைய நல்லாவே அனுபவிச்சவங்க நாம. ஆனா இங்க உள்ளூர் மரம்னு கேக்கறதுக்குக் காரணம் வேற, இந்த மண்ணு இந்த உப்புக் காத்து இந்த மழைக்குப் பழகுன மரத்துக்குத் தண்ணியும் மருந்தும் கம்மியா போதும், இங்க இருக்கற குருவிக்கும் பூச்சிக்கும் அதத் தெரியும். புன்னையும் மகிழமும் வங்காள விரிகுடாவுக்கு அந்தக் கரையிலயும் இருக்கு, இந்தக் கரையிலயும் இருக்கு, எந்தக் காலத்துல எது எங்க போச்சுன்னு அடையாள அட்டை, ஐசி கேக்க முடியாது. லிட்டில் இந்தியாவுக்கு இத விடப் பொருத்தமா என்ன மரம் வேணும்?

அதுக்காக உள்ளூர்னாலே நல்லதுன்னும் ஆடக்கூடாது. அங்சானா உள்ளூர்தான், நம்ம வேங்கைக்கு ஒண்ணுவிட்ட தம்பி, மஞ்சப் பூ கொட்டுனா ரோடே தங்கமா இருக்கும். ஆனா சரசரன்னு வளந்து வேர் நடைபாதையத் தூக்கிடும், புயல்ல கிளை முறியும். 2017 நவம்பர் 4, 5ல அடிச்ச காத்து மழைல தீவு பூரா எவ்ளோ மரம் சாஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கும். அகலமான ரோட்டுல இருக்கட்டும், மார்க்கெட் ஸ்ட்ரீட் மாதிரி இடுக்குல வேணாம். கெத்தாபாங், அதான் நாட்டு வாதுமை, அதுவும் உள்ளூர், இலை ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு சைசு, ஒரே வாரத்துல லோங்காங்க அடைச்சிடும். பொங்-பொங் மரம் பாக்க அழகு, கொட்டை முழுக்க விஷம், பிள்ளைங்க விளையாடற தெருவுல நான் வைக்கமாட்டேன். பாக்கு மரத்துலதான் பினாங்குக்குப் பேரே வந்துச்சு, ஒல்லியா நிக்கும், முகப்ப மறைக்காது, ஆனா அதோட நிழல்ல ஒரு பூனை கூட முழுசா உக்காரமுடியாது. முனைக்கு ஒண்ணு அடையாளத்துக்கு வைக்கலாம்.

வெளியூர் மரத்துல எனக்கும் ஆசை இல்லாம இல்ல. தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்காவுலேர்ந்து வந்தது, அது இல்லாத பினாங்க நினைச்சே பாக்க முடியல, ஆனா குடை விரிச்சா தெரு அகலத்த விடப் பெருசு. இப்ப எங்க பாத்தாலும் வைக்கற தெக்கோமா, மலேசியா சக்குரான்னு போட்டோ எடுக்கறாங்களே, அதுவும் அமெரிக்கப் பக்கத்து மரம். மழை இல்லாத காலத்துல இலைய உதுத்துட்டுப் பூக்கும். அதாவது நமக்கு நிழல் ரொம்பத் தேவைப்படற மாசத்துல மொட்டையா நின்னுக்கிட்டு பிங்க் கலர்ல சிரிக்கும். வேணவே வேணாம். வேப்பமரம் வைக்கணும்னு ஒரு அத்தை விடாம வாய்ஸ் போடறாங்க, அம்மனுக்கு ஆகும்னு. வேம்பு இந்த மண்ணுது இல்ல, ஆனா கோயில் பக்கம் ஒண்ணு நட்டா வானம் இடிஞ்சு விழாது, நான் எதுக்கு அத்தையோட சண்டைக்குப் போகணும்.

என் கணக்குல வடக்கு விளிம்புல மகிழம்தான் முக்கால்வாசி. மெதுவாத்தான் வளரும், அதுதான் அதோட ஒரே குறை, இன்னிக்கு நட்டா அம்மாவுக்கு நிழல் கிடைக்குமான்னு தெரியல. ஆனா குடை உருண்டையா அடர்த்தியா இருக்கும், வருஷம் முழுக்கப் பச்சை, வெட்டிவிட்டா சொன்ன பேச்சு கேக்கும். விடிகாலைல பூ கொட்டிக் கிடக்கும், மாமா இப்பவே "ஃப்ரீ ஸ்டாக்"னு சிரிக்கறாரு. தெரு பீச் ஸ்ட்ரீட்ட தொடற முனையில, உப்புக் காத்து வர்ற எடத்துல, ரெண்டு மூணு புன்னை. புன்னங்காய் கோலிக்குண்டு மாதிரி உருளும், அதனால நடைபாதை நடுவுல விழாத மாதிரி எடம் பாக்கணும், இல்லன்னா அம்மா கைத்தடிக்கு அது இன்னொரு எமன். அடியில சிவப்பு இட்லிப்பூ வகைல இந்தப் பக்கத்துது ஒண்ணு இருக்கு, நர்சரில சாவா இக்ஸோரான்னு கேட்டா தருவாங்க, கூடவே செண்டுடுக், ஊதாப் பூ, குருவி அந்தப் பழத்த விடாது.

மழைத் தண்ணிய சொல்லாம விட்டா மொத்தமும் வீண். ஜார்ஜ் டவுன்ல கடல் பொங்கற நேரமும் பெரிய மழையும் ஒண்ணா வந்தா லோங்காங் தண்ணி கடலுக்குப் போகாது, திரும்பி நம்ம கால்லதான் நிக்கும். மரக்குழிகள தனித்தனியா சதுரமா வெட்டாம ஒரே நீளக் குழியா இணைச்சு, நடைபாதைத் தண்ணி அதுக்குள்ள இறங்கற மாதிரி செஞ்சா மரத்துக்கும் மண்ணு கிடைக்கும், லோங்காங்குக்கும் பாரம் குறையும். இது கனவு இல்ல, அடாப்டேஷன் ஃபண்ட் கொடுத்த 1 கோடி அமெரிக்க டாலர்ல பினாங்குத் தீவுல மரம் நடறது, தண்ணி உறிஞ்சற வாய்க்கால் அமைக்கறதுன்னு ஒரு திட்டமே தீவு மாநகராட்சியான எம்பிபிபி, நகர மேம்பாட்டு அமைப்பான திங்க் சிட்டி எல்லாம் சேந்து நடத்தறதுதான். "டெங்கி வந்துடும்பா" அப்டின்னு குரூப்ல ஒரு பயம். அது சும்மா பயம் இல்ல, நியாயமான பயம். கொசு முட்டைலேர்ந்து பறக்கற வரைக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால அந்தக் குழியில தண்ணி ஒரு நாள் ரெண்டு நாளைக்கு மேல நிக்கக்கூடாது, அடியில மணலும் ஜல்லியும் போட்டாத்தான் அது நடக்கும். செலவ மிச்சம் பண்றேன்னு வெறும் தோட்டமண்ணக் கொட்டுனா அப்ப கண்டிப்பா கொசுப் பண்ணைதான்.

தேர் விஷயத்துக்கு வர்றேன், இத மறந்தா மொத்த டிசைனும் குப்பைக்குப் போகும். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பெனாங் ஸ்ட்ரீட் நகரத்தார் கோயில் வீட்டுலேர்ந்துதான் கிளம்பும், தங்க ரதம் 2017லேர்ந்து க்வீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில்லேர்ந்து. ரெண்டும் இந்த நாலு தெருவுக்குள்ளதான் பொறப்பு. வெள்ளி ரதத்துக்கு முன்னாடி தேங்கா உடைக்கறதப் பாத்திருக்கீங்கல்ல, மலை மலையா குவிச்சு உடைச்சு, அப்புறம் வண்டி வச்சு வாரித் தள்ளுவாங்க. அந்த ரெண்டு தெருவுலயும் தரையில செடி வச்சா ஒரே ராத்திரில சட்னி. மரம் வச்சாலும் கிளை தேர் கலசத்துல இடிக்கும், வருஷா வருஷம் வெட்டுன்னு ஆகி மரம் ஊனமாத்தான் நிக்கும். நல்லவேளை, முன்னாடி சொன்ன மாதிரி அந்த ரெண்டு தெருவுக்கும் கட்டட நிழல் இருக்கு. அங்க தரைய மட்டும் சமமாக்கி, மேடு பள்ளம் இல்லாம செஞ்சு, தேருக்கு விட்டுடலாம். மார்க்கெட் ஸ்ட்ரீட் வழியா தேர் திரும்புனாலும் திரும்பும்னு வச்சுக்கிட்டு மரத்த ஒரே பக்கம் வச்சு மிச்ச அகலத்த நேரா காலியா விடணும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வச்சு காடிய வளைஞ்சு போக வைக்கற டிசைன் எல்லாம் வெளிநாட்டுல நல்லா இருக்கும், இங்க மாடு பூட்டுன தேர அப்டி வளைக்கச் சொல்ல முடியாது.

ஆக என் ஓட்டு நாலாவதுக்கு, அதோட மூணாவதுல பாதி. இந்த மாசமே அஞ்சடியில கோடு போட்டு பாதிய காலி பண்றது, ஒரு தீபாவளி சீசனுக்கு சாயங்காலம் மட்டும் மூடிப் பாத்து எந்தக் கடைக்கு வியாபாரம் கூடுது எதுக்குக் குறையுதுன்னு கடைக்காரங்களே எழுதி வைக்கறது, அப்புறம் ஒரு லேனும் வடக்கு வரிசை மகிழமும். காலை ஏழுலேர்ந்து பத்து வரைக்கும் லோரி இறக்க தெக்குப் பக்கம் ரெண்டு எடம், அந்த நேரம் போனா அது மோட்டருக்கு. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்கு பிட் ஸ்ட்ரீட் முனைய அடைக்காம விடணும், பள்ளிவாசல் ஆளுங்களக் கேக்காம அங்க ஒரு செங்கல் கூட வைக்கக்கூடாது. பார்க்கிங் போகுதேன்னு அழறவங்களுக்கு பதில் எங்கிட்ட முழுசா இல்ல. வயசானவங்கள இறக்கி விட ரெண்டு காடிக்கு இடம் விட்டுட்டு, மத்தவங்க பீச் ஸ்ட்ரீட் பக்கம் நிறுத்திட்டு நடக்கணும்னுதான் சொல்வேன், நிழல் இருந்தா நடப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை, அவ்ளோதான். ரயில் ஓட ஆரம்பிச்சு பஸ்ஸும் ஒழுங்கா வந்தா முழு நடைவீதியப் பத்தி மறுபடி பேசலாம், அப்ப மரமும் பெருசாயிருக்கும்.

இதெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன், பேப்பர்ல படம் கூட போட்டுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கோயிலுக்கும் புடவைக் கடைக்கும் நடுவுல உக்கார எடம் எங்கடா?"ன்னாங்க. மரம், மண்ணு, தேர், லோரி எல்லாத்தையும் வரைஞ்சிருக்கேன், ஒரு பெஞ்சு வரையல. இப்ப மூணாவது மகிழத்துக்கு அடியில ஒண்ணு போட்டிருக்கேன், சாஞ்சுக்க முதுகு வச்சது, எந்திரிக்கும்போது பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் கை வச்சது. மாமா அது தன் கடைக்கு எதிர்ல வரணுங்கறாரு.